சிரித்த முகத்துக்கும் ஒரு எல்லை வேண்டும்: ஜவுளிக்கடை முதலாளிகளுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அண்ணாச்சிமாருக்கு,

வணக்கம்.

தியாகராய நகர், புரசைவாக்கம், மதுரை, திருச்சி, கோவை, நெல்லை என்று ஊருக்கு ஊர் மாடி மாடியாக ஜவுளிக்கடை நடத்தும் உங்கள் எல்லாருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். எந்த ஒரு கடையையும் மனதில் வைத்துக்கொண்டு எழுதவில்லை. நான் வேலை பார்த்த கடையின் பெயரும் இதில் வராது. அங்கே நடந்தது பெரும்பாலான கடைகளில் நடக்கிறது என்பது உங்களுக்கே தெரியும்.

தென்காசிப் பக்கம் ஒரு கிராமத்திலிருந்து, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கையோடு சென்னைக்கு பஸ் ஏறியவள் நான். கல்யாணம் ஆகும்வரை பட்டுச் சேலைப் பிரிவில் நின்றேன். இப்போது ஒரு தொழிற்சங்க அலுவலகத்தில் கணக்கு எழுதுகிறேன். கடையில் நின்ற காலத்தில் எனக்குத் தெரியாமல் போன சட்டங்களைப் படிக்க இங்கேதான் வாய்ப்புக் கிடைத்தது.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். வாடிக்கையாளர் ஒருவர் வரம்பு மீறிப் பேசினாலோ, மேலே கை வைத்தாலோ, அந்த இடத்தை விட்டு விலகிப் போகும் உரிமையை உங்கள் கடைப் பிள்ளைகளுக்குக் கொடுங்கள். அப்படி விலகியதற்காக அவர்கள் சம்பளத்தில் கை வைக்காதீர்கள். இது ஒன்றுதான் என் கோரிக்கை. மற்றதெல்லாம் இதைச் சுற்றி வருவதுதான்.

சேலை விற்பது என்ன வேலை என்று கடைக்கு வருகிறவர்களுக்குத் தெரியாது, ஆனால் உங்களுக்குத் தெரியும். உங்களில் பலர் சின்ன வயதில் கடையில் நின்று துணி விரித்தவர்கள்தான். ஒரு குடும்பம் முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறது. பெண்ணின் அம்மாவுக்கு அரக்குதான் வேண்டும். மாப்பிள்ளை வீட்டு அத்தைக்கு மாம்பழ மஞ்சள். கல்யாணப் பெண்ணோ மயில்கழுத்துப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறாள், வாய் திறந்து சொல்லப் பயப்படுகிறாள். யார் கையில் பணம், யார் சொன்னால் எடுபடும், எவ்வளவுக்குள் முடிக்க நினைக்கிறார்கள் என்பதையெல்லாம் உட்கார்ந்த இரண்டு நிமிடத்தில் கணிக்க வேண்டும். அத்தைக்கு மனம் கோணாமல், அம்மாவுக்குத் தாழ்வாகத் தோன்றாமல், அந்தப் பெண்ணின் பார்வை போகிற சேலையை எதேச்சையாக எடுத்து விரிப்பதுபோல் விரிக்க வேண்டும். பிரித்துக் காட்டி, முந்தியைத் தோளில் போட்டுக் காட்டி, பார்டரைத் திருப்பிக் காட்டி, வேண்டாம் என்றதும் முகம் மாறாமல் அடுத்ததை எடுக்க வேண்டும். நல்ல விற்பனைப் பெண் ஒருத்தி ஒரு குடும்பச் சண்டையையே தடுத்துவிடுவாள். இந்த வேலையை நான் விரும்பித்தான் செய்தேன். அந்தப் பெண் கடைசியில் மயில்கழுத்துப் பட்டை மார்போடு வைத்துக் கண்ணாடியில் பார்க்கும்போது எனக்கும் சந்தோஷமாக இருக்கும். அந்தச் சிரிப்பு என் சொந்தச் சிரிப்பு. அதற்கு யாரும் கட்டாயப்படுத்த வேண்டியிருக்கவில்லை.

கட்டாயம் என்பது வேறு இடத்தில் தொடங்கியது. காலையில் கடை திறக்கும் முன்பு ஃப்ளோர் சூப்பர்வைசர் எங்களை வரிசையாக நிறுத்திப் பேசுவார். தலைவலி, வயிற்றுவலி, வீட்டுக் கவலை எல்லாவற்றையும் ஹாஸ்டலிலேயே வைத்துவிட்டு வர வேண்டும், முகம் எப்போதும் சிரித்தபடி இருக்க வேண்டும் என்பார். செல்போனை லாக்கரில் வைத்துவிட வேண்டும். என்னோடு நின்ற ஒருத்திக்கு ஊரில் பாட்டி இறந்துபோனதைச் சாப்பாட்டு நேரத்தில்தான் தெரிந்துகொள்ள முடிந்தது. அவளை வளர்த்தது அந்தப் பாட்டிதான். அன்று ஆடித் தள்ளுபடி ஞாயிற்றுக்கிழமை. இரவு பஸ்ஸுக்கு அனுப்புகிறேன், அதுவரை நில் என்றார் சூப்பர்வைசர். சாயங்காலம் முழுக்க அவள் "வாங்கக்கா, என்ன பார்க்கிறீங்க, பட்டா, சாஃப்ட் சில்க்கா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போது சிரிக்கவும் செய்தாள். பில் போடும் இடத்துக்குச் சேலையைக் கொண்டுபோகிற நேரத்தில் மட்டும் முகத்தைத் துப்பட்டாவில் துடைத்துக்கொள்வாள்.

உங்கள் கணக்கில் அன்று அவள் செய்தது எவ்வளவு வேலை என்று பதிவாகியிருக்கும்? விற்ற சேலை இத்தனை, இன்சென்டிவ் இவ்வளவு. அவ்வளவுதான்.

இப்படிச் சம்பளத்துக்காக முகத்தையும் மனதையும் அடக்கி வைத்திருப்பதும் உழைப்புதான் என்று அமெரிக்கச் சமூகவியலாளர் ஆர்லி ஹோக்‌ஷைல்ட் 1983-லேயே விரிவாக எழுதிவிட்டார். அவர் பேசிப் பார்த்தது விமானப் பணிப்பெண்களிடம். பணி முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் அந்த மலர்ந்த முகத்திலிருந்து இறங்கி வர முடியவில்லை என்று அவர்களில் சிலர் சொல்லியிருக்கிறார்கள். எங்கள் ஹாஸ்டல் அறையில் அது வேறு மாதிரி இருக்கும். இரவு பத்து மணிக்கு மேல் திரும்பினால் யாரும் யாரிடமும் பேச மாட்டோம். வீட்டிலிருந்து அம்மா போன் செய்தால் எரிந்து விழுவோம். பகல் முழுக்க யாரிடமோ காட்டிய பொறுமை, பெற்றவளுக்கு மிஞ்சாது.

பல கடைகளில், வங்கிகளில்கூட, ஒரு வாசகம் சட்டம் போட்டுத் தொங்கும். வாடிக்கையாளர்தான் நம் இடத்துக்கு வரும் மிக முக்கியமான மனிதர், அவர் நம்மைச் சார்ந்து இல்லை, நாம்தான் அவரைச் சார்ந்து இருக்கிறோம் என்று போகும் அது. கீழே காந்தி படம் இருக்கும். காந்தி இதைச் சொன்னதற்கு நம்பகமான ஆதாரம் இல்லை என்று தேடிப் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். அது கிடக்கட்டும். வாசகத்தில் தப்பில்லை, வாடிக்கையாளர் முக்கியம்தான். ஆனால் அந்த வாசகத்துக்கு அடியில் நிற்கிற பிள்ளையைப் பற்றி ஒரு வரிகூட எந்தச் சுவரிலும் இல்லையே, அதுதான் என் மனத்தாங்கல்.

ஒரு சம்பவம் சொல்கிறேன். தீபாவளிக்கு முந்திய வாரம். ஒரு அம்மா, கூட மகனும் மருமகளும். ஏராளமான சேலை பிரித்தாயிற்று. கவுண்டர் முழுக்கக் குவியல். ஒன்றிலும் மனம் ஒட்டவில்லை. நான் ஆனந்தா நீலத்தில் ஒன்றை எடுத்து, இது கோர்வைப் பட்டு என்று சொல்ல ஆரம்பித்தேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "உனக்கு என்ன தெரியும் பட்டைப் பத்தி? ஒரு நாளாவது கட்டியிருக்கியா?" என்றார். மகன் சிரித்தார். மருமகள் தலையைக் குனிந்துகொண்டார். நான் சிரித்தபடி, "நீங்க சொல்றதும் சரிதான்மா, வேற டிசைன் எடுத்துக் காட்டுறேன்" என்றேன். அந்தக் குடும்பம் எதுவும் எடுக்காமல் போய்விட்டது. அவர்கள் படி இறங்கி முடிக்கவில்லை, சூப்பர்வைசர் வந்துவிட்டார். "அத்தனை சேலை பிரிச்சு ஒண்ணுகூட பில் ஆகலையே, மூஞ்சியை எப்படி வெச்சிருந்த?" என்று கேட்டார்.

அந்த அம்மா பேசியதுகூட எனக்கு மறந்துபோயிருக்கும். அவருக்கு அன்று என்ன கஷ்டமோ. சூப்பர்வைசர் கேட்ட கேள்விதான் மறக்கவில்லை. வெளியாள் ஒருவர் என்னை இழிவாகப் பேசியபோது எனக்காக நிற்க வேண்டியவர், அந்த இழிவை நான் எவ்வளவு அழகாக வாங்கிக்கொண்டேன் என்று சோதித்தார்.

இன்னொன்று, இது கொஞ்சம் கூச்சமான விஷயம், ஆனாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். சேலையை எங்கள் தோளில் போட்டுக் காட்டச் சொல்கிறீர்கள். வாங்க வருகிறவர்கள் ஊரில் இருக்கும் அக்காவுக்கு, நாத்தனாருக்கு அனுப்ப வேண்டும் என்று போட்டோ எடுக்கிறார்கள். சேலையை மட்டும் எடுத்தால் சரி. முகத்தோடு எடுப்பார்கள், கேட்காமல் வீடியோ எடுப்பார்கள். சில ஆண்கள் மடிப்பைச் சரிசெய்வதுபோல் கையைக் கொண்டுவருவார்கள். ஒரு எட்டுப் பின்னால் போனால், "என்னம்மா இப்படி ஒதுங்குற, காட்ட மாட்டியா?" என்று சத்தம் போடுவார்கள். சத்தம் கேட்டால் சூப்பர்வைசர் வருவார். வந்து வாடிக்கையாளரிடம் மன்னிப்புக் கேட்பார்.

இதற்குச் சட்டம் ஏற்கெனவே இருக்கிறது, அண்ணாச்சி. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டம், பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடங்களில் உள்ளகப் புகார்க் குழு வேண்டும் என்கிறது. அது பலருக்குத் தெரியும். அதே சட்டத்தின் 19-ஆம் பிரிவு அவ்வளவாகத் தெரியாது. வேலை நிமித்தமாகத் தொடர்புக்கு வருகிற வெளியாட்களிடமிருந்தும் ஊழியருக்குப் பாதுகாப்புக் கொடுப்பது முதலாளியின் கடமை என்று அது சொல்கிறது. கடைக்கு வரும் வாடிக்கையாளரும் அதில் அடக்கம். மேலாளரோ, கூட வேலை பார்ப்பவரோ செய்தால்தான் குற்றம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறோம், நீங்களும் நாங்களும். வாடிக்கையாளர் கையை நீட்டியபோது உங்கள் சூப்பர்வைசர் மன்னிப்புக் கேட்டாரே, சட்டப்படி அவர் செய்திருக்க வேண்டியது அதற்கு நேர் எதிரானது.

நாற்காலிச் சட்டம் உங்களுக்கு நினைவிருக்கும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947-இல் வந்தது. அதில் 22-ஏ என்ற பிரிவைச் சேர்த்து, ஊழியர்களுக்கு உட்கார இருக்கை கொடுக்க வேண்டும் என்று 2021-இல்தான் திருத்தினார்கள். இடைப்பட்ட அத்தனை வருடமும் உட்காரக் கேட்க நமக்கே தோன்றவில்லை. கேரளத்தில் அது முன்னாடியே தொடங்கிவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருக் கடைகளில் வேலை பார்த்த பெண்கள், விஜி என்ற தையல் தொழிலாளியின் முயற்சியில் 'பெண்கூட்டு' என்று சேர்ந்து, முதலில் கழிப்பறை கேட்டார்கள், அப்புறம் உட்காரும் உரிமை கேட்டார்கள். 2018-இல் அங்கே சட்டம் திருந்தியது. அதைப் பார்த்துத்தான் இங்கேயும் வந்தது.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நாற்காலி இல்லாமல் போனதற்குக் காசு காரணமில்லை, இடமும் காரணமில்லை. ஒரு ஸ்டூலுக்கு என்ன விலை ஆகிவிடும்? வாடிக்கையாளர் வரும்போது விற்பனைப் பெண் உட்கார்ந்திருந்தால் மரியாதைக் குறைவு என்று நினைத்தோம். காலில் நரம்பு சுருண்டு, கால் வீங்கி, அதையே மரியாதை என்று நம்பினோம். சட்டம் வந்த பிறகும் பல கடைகளில் ஸ்டூல் இருக்கிறது, உட்கார்ந்தால் முறைக்கிறார்கள். என் காலத்தில் ஸ்டூலே இல்லை. நான் பார்த்த ஒரே உட்காரும் இடம் குடோனில் துணிக்கட்டு மேல்தான். அந்த மரியாதை பற்றிய எண்ணம் கொஞ்சம் தளர்ந்ததால்தான் ஸ்டூல் வந்தது. முகத்தின் விஷயத்திலும் அதே எண்ணம்தான் தளர வேண்டியிருக்கிறது. யார் என்ன பேசினாலும் சிரித்தபடி வாங்கிக்கொள்வதை மரியாதை என்று இனியும் நம்ப வேண்டாம்.

இது நடக்காத காரியம் என்று நினைக்காதீர்கள். தென்கொரியாவில் 2018 அக்டோபர் முதல் இதற்குத் தனி விதியே இருக்கிறது. வாடிக்கையாளரின் வசைச்சொல்லாலோ வன்முறையாலோ ஊழியருக்குப் பாதிப்பு வரும் என்றால், முதலாளி அவருடைய வேலையைக் கொஞ்ச நேரம் நிறுத்தி வைக்க வேண்டும், அல்லது வேறு வேலைக்கு மாற்ற வேண்டும். அப்படிக் கேட்ட ஊழியரைப் பழிவாங்கினால் முதலாளிக்குத் தண்டனை. ஜப்பானில், விருந்தோம்பலுக்கு உலகம் முழுக்கப் பேர் வாங்கிய நாட்டில், டோக்கியோ மாநகரம் 2024-இல் வாடிக்கையாளர் தொல்லைக்கு எதிராக ஓர் அவசியமான விதியை நிறைவேற்றியது. 2025 ஏப்ரல் முதல் அது நடைமுறையில் இருக்கிறது. தண்டனை எதுவும் அதில் இல்லை. ஆனாலும், வாங்க வந்தவர் என்பதற்காக யாரும் ஊழியரைத் துன்புறுத்தக் கூடாது என்று அரசாங்கமே எழுதி வைத்திருக்கிறது. டோக்கியோவில் குனிந்து வணக்கம் சொல்வது நின்றுவிடவில்லை.

நீங்கள் கேட்கப்போவது எனக்குத் தெரியும். "ஆன்லைன்ல வாங்குறவன் வாங்கிட்டே இருக்கான், கடைக்கு வர்றவங்களையும் நாங்க முகம் சுளிச்சு அனுப்பினா எல்லாருக்கும் சோறு எங்கேருந்து வரும்?" நியாயமான கவலை. கடை நடந்தால்தான் எங்களுக்கும் சம்பளம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். செல்போனில் வாங்கக் கூடியவர் ஏன் இவ்வளவு நெரிசலில் உங்கள் மாடி ஏறி வருகிறார்? துணியைத் தொட்டுப் பார்க்கத்தான். அப்புறம், "உங்க கலருக்கு இது எடுக்கும்க்கா" என்று சொல்ல ஒரு ஆள் இருக்கிறாள், அதற்காகத்தான். அந்த ஆளை நீங்கள் காப்பாற்றினால் வாடிக்கையாளர் திரும்பி வருவார். உங்கள் கடைக்கு வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் நல்லவர்கள்தான். தண்ணீர் குடிச்சியாம்மா என்று கேட்பவர்கள், அவர்களே சேலையை மடித்துக் கொடுப்பவர்கள், எடுக்காமல் போகும்போது மன்னிச்சுக்கோம்மா என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். கூச்சல் போடுகிற அந்த ஒருவரைத் தாங்கிப் பிடிக்க இத்தனை பேரையும் பணயம் வைக்கத் தேவையில்லை.

அபராதத்தைப் பற்றியும் பேசியாக வேண்டும். இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தால் ஃபைன், சாய்ந்து நின்றால் ஃபைன், வாடிக்கையாளர் புகார் சொன்னால் ஃபைன். கேமராவில் பார்த்து மாதக் கடைசியில் பிடிப்பார்கள், எதற்கென்றுகூடச் சொல்ல மாட்டார்கள். 2019-ஆம் ஆண்டின் ஊதியச் சட்டத் தொகுப்பை எடுத்துப் பாருங்கள். எந்தெந்தச் செயலுக்கு அபராதம் என்று முன்கூட்டியே அரசின் ஒப்புதலோடு அறிவித்திருக்க வேண்டும். சம்பந்தப்பட்டவர் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுத்திருக்க வேண்டும். மொத்த அபராதம் அந்தச் சம்பளக் காலத்துக்குரிய ஊதியத்தில் 3 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பிடித்த பணத்தைப் பதிவேட்டில் எழுதி, ஊழியர்களின் நலனுக்குத்தான் செலவழிக்க வேண்டும். "மூஞ்சி சரியில்ல" என்று ஒருவர் கவுண்டரில் சொல்லிவிட்டுப் போனதற்காகப் பிடிக்கிற பணம் இதில் எந்த நிபந்தனைக்குள் வரும்?

சரி, என்னதான் செய்யச் சொல்கிறாய் என்பீர்கள். செலவில்லாத விஷயங்கள்தான். ஒரு பிள்ளை கையைத் தூக்கினால் சூப்பர்வைசர் வர வேண்டும். வந்ததும் மன்னிப்புக் கேட்பதற்கு முன் அவளிடம் என்ன நடந்தது என்று கேட்க வேண்டும். அவள் விலகிப் போகலாம், அந்த வாடிக்கையாளரை அவர் பார்த்துக்கொள்வார். பத்து நிமிடம் உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு வர அவளுக்கு ஓர் இடம் இருக்க வேண்டும், குடோன் துணிக்கட்டு இல்லாமல். அவள் முகத்தோடு போட்டோ எடுக்க வேண்டுமென்றால் அவளிடம் கேட்க வேண்டும், அவள் முடியாது என்று சொல்லலாம். பில் ஆகாமல் போன ஒவ்வொரு குடும்பத்துக்கும் அவளைக் குற்றவாளிபோல் விசாரிப்பதை நிறுத்த வேண்டும். வீட்டில் சாவு என்று போன் வந்தால் அந்த நிமிடமே சொல்ல வேண்டும், அடுத்த பஸ்ஸில் ஏற்றிவிட வேண்டும். வாசலில் தள்ளுபடி பேனர் தொங்குகிற இடத்துக்குப் பக்கத்தில், "எங்கள் ஊழியர்களிடம் மரியாதையாகப் பேசுங்கள்" என்று ஒரு பலகை. சின்னதாக இருந்தாலும் போதும். அதைப் படித்துவிட்டு உள்ளே வருகிறவரிடம் சூப்பர்வைசருக்குப் பேச ஒரு பிடி கிடைக்கும்.

இதெல்லாம் விற்பனைப் பிரிவுக்கு மட்டும் இல்லை. வாசலில் கும்பிட்டபடி நிற்கும் தாத்தா, பில் கவுண்டர் பையன், பார்சல் கட்டுகிறவர், கழிப்பறை கழுவுகிற அக்கா எல்லாருக்கும் சேர்த்துத்தான். அந்த அக்காவிடம் பேசுகிற பேச்சை ஒரு நாள் நின்று கேட்டுப் பாருங்கள். எங்களிடம் பேசுவது அதற்கு எவ்வளவோ மேல்.

தொழிலாளர் துறை ஒரு நாள் இதைச் சட்டமாக்கும் என்று நம்புகிறேன். எங்கள் சங்கமும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் நாற்காலிக்குச் சட்டம் வரும்வரை காத்திருந்ததுபோல் இதற்கும் காத்திருக்க வேண்டாம் என்றுதான் உங்களுக்கு நேராக எழுதுகிறேன். எங்கள் ஊர்ப் பக்கமெல்லாம் உங்கள் பேரை மரியாதையோடு சொல்வார்கள். "அண்ணாச்சி கடையில என் மக வேலை பாக்கா" என்று எங்கள் அம்மா பஸ் ஸ்டாப்பில் நின்று சொல்லியிருக்கிறாள். அந்த நம்பிக்கையில்தான் பிள்ளைகளை உங்களிடம் அனுப்புகிறார்கள்.

தீபாவளி சீசனுக்கு ஆள் எடுக்கும்போது திருநெல்வேலி, தூத்துக்குடி, சங்கரன்கோவில் என்று எல்லாப் பக்கமிருந்தும் புதுப் பிள்ளைகள் வருவார்கள். முதல் நாள் காலை அவர்களை வரிசையாக நிறுத்தி எப்படிச் சிரிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுப்பீர்கள். அதே வரிசையில், அதே சூப்பர்வைசரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எப்போது சிரிக்க வேண்டாம் என்பதையும் நீங்களே உங்கள் வாயால் சொல்லிக்கொடுங்கள்.

இப்படிக்கு,
பட்டுப் பிரிவில் நின்ற ஒருத்தி